அமெரிக்காவில் வாத்து வேட்டை சீசன்: தேதியும் எண்ணிக்கையும் எப்படி முடிவாகின்றன, விதிப் புத்தகத்தை எப்படிப் படிப்பது

மின்னசோட்டா, ஆர்கன்சா, டெக்சாஸ் பக்கம் குடியேறியவர்களிடம் ஆபீஸ் நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ "சனிக்கிழமை வாத்து வேட்டைக்கு வர்றீங்களா?" என்று கேட்பது சர்வசாதாரணம். ஆர்வத்தில் சரி என்று சொல்லிவிட்டு மாநில விதிப் புத்தகத்தைத் திறந்தால்தான் தலை சுற்றும். இந்த மண்டலத்தில் சீசன் திறந்திருக்கும், பத்து மைல் தள்ளி மூடியிருக்கும். நாளைக்கு ஆறு வாத்து சுடலாம் என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழேயே இந்த இனத்தில் மூன்று, அந்த இனத்தில் இரண்டு, பெட்டை என்றால் இன்னும் குறைவு என்று நீளமாக ஒரு பட்டியல் ஓடும். இதை மனப்பாடம் செய்ய முடியாது, ஏனென்றால் பாதி எண்கள் அடுத்த வருடம் மாறிவிடும். எந்த எண்ணை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டால் புத்தகம் தானாகப் புரிய ஆரம்பிக்கும், தெரியாமல் சட்டத்தை மீறுவதும் குறையும். அதைத்தான் கீழே முடிந்தவரை விளக்கியிருக்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது எதுவும் இந்தியாவுக்குப் பொருந்தாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அங்கே காட்டு வாத்தையோ காடையையோ கௌதாரியையோ சுடுவதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் குற்றம்.

முதலில் எந்தப் பறவை என்று பாருங்கள்

விதிகள் இரண்டு வகை. வலசை போகும் பறவைகள், அதாவது வாத்து, கூஸ், புறா, வுட்காக், சாண்ட்ஹில் கொக்கு போன்றவற்றுக்கு மத்திய அரசு ஒரு வரம்பு போடும், அதற்குள் மாநிலம் தன் சீசனை வைத்துக்கொள்ளும். ஓரிடத்திலேயே வாழும் ஃபெசன்ட், காடை, கிரவுஸ், வான்கோழி போன்றவை முழுக்க மாநிலத்தின் பொறுப்பு, மத்திய அரசு தலையிடாது.

இரண்டாவது வகை எளிது. தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் சீசன் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கும், நாளைக்கு மூன்று சேவல். கோழியைச் சுடக்கூடாது. ஒரு சேவல் பல கோழிகளோடு சேரும் என்பதால் சேவல்களில் பெரும்பகுதி போனாலும் அடுத்த வசந்தத்தில் முட்டைக்குக் குறைவிருக்காது, அந்த உயிரியல்தான் விதியாகியிருக்கிறது. வசந்த கால வான்கோழி சீசனும் அப்படித்தான், பெட்டைகள் இணைசேர்ந்து அடைகாக்கத் தொடங்கும் நேரத்தைப் பார்த்துத் தேதி வைப்பார்கள், சேவல்தான் குறி. இந்த வகைப் பறவைக்கு உங்கள் மாநில இணையதளம் ஒன்றே போதும். சிக்கலெல்லாம் வலசைப் பறவைகளில்தான், ஆகவே இனி வாத்தைப் பற்றியே பேசுவோம்.

மேலே இருக்கும் கூரை: 1916, 1918

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சந்தைக்காகப் பறவைகளை வண்டி வண்டியாகச் சுட்டுத் தள்ளினார்கள். வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்று பெயர், 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் செத்துப்போனது. கனடாவில் குஞ்சு பொரித்து லூசியானாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவையை ஒரு மாநிலம் மட்டும் காப்பாற்ற முடியாது என்பது அதற்குள் எல்லாருக்கும் புரிந்திருந்தது. 1916-ல் கனடாவுக்காக பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டார்கள், 1918-ல் அதை நடைமுறைப்படுத்தும் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்தது. மிசௌரி மாநிலம் இது எங்கள் உரிமையில் தலையிடுவது என்று வழக்குப் போட்டது, 1920-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு மெக்சிகோ, ஜப்பான், சோவியத் ஒன்றியம் என்று ஒப்பந்தங்கள் விரிந்தன.

அந்த ஒப்பந்தம் வைத்த இரண்டு வரம்புகள் இன்றைக்கும் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே கூரையாக நிற்கின்றன. மார்ச் 10-க்குப் பிறகு செப்டம்பர் 1 வரை சாதாரண சீசன் எதுவும் கிடையாது, அது பறவைகள் இனப்பெருக்கம் செய்யும் காலம். எந்த இனத்துக்கும் ஒரு வருடத்தில் மூன்றரை மாதத்துக்கு மேல் சீசன் இருக்கக்கூடாது, நடைமுறையில் அதை 107 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் எங்காவது 107 என்ற எண்ணைப் பார்த்தால் அது அதிகாரி யாரோ யோசித்துப் போட்ட எண் இல்லை, ஒப்பந்தத்தின் உச்சவரம்பு.

எண்ணுவது யார், எப்படி

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்க மத்திய அரசின் வனவிலங்குத் துறையான ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸும் கனடாவின் வனவிலங்குத் துறையும் சேர்ந்து வாத்துகளை எண்ணுகின்றன. 1955 முதல் நடக்கிறது. டகோட்டாக்கள், மொன்டானா, கனடாவின் புல்வெளி மாகாணங்கள், அங்கிருந்து வடக்கே அலாஸ்கா வரை சுமார் பதிமூன்று லட்சம் சதுர மைல் பரப்பில் முன்பே குறித்து வைத்த நேர்கோடுகளின் மேல் சிறு விமானங்கள் பறக்கும். உயரம் ஏறத்தாழ 150 அடிதான், தென்னை மரத்தைவிடக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தை ஓட்டுபவரே உயிரியலாளர், அவர் தன் பக்கம் 200 மீட்டர் அகலத்துக்குள் கண்ணில் படும் வாத்துகளை இனம் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொண்டே போவார், பக்கத்தில் இருப்பவர் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்வார். மல்லார்ட் என்ற வாத்து இனத்தில் தனியாக நிற்கும் ஆணைப் பார்த்தால் அதை ஒரு ஜோடி என்று எண்ணுவார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் அதன் பெட்டை புல்லுக்குள் கூட்டில் உட்கார்ந்திருக்கும், மேலிருந்து தெரியாது. விமானத்திலிருந்து தப்பிப்போகும் பறவைகள் எத்தனை என்று தெரிந்துகொள்ள, அதே கோடுகளில் சில பகுதிகளைத் தரையில் நடந்தும் எண்ணி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்து மொத்தத்தைத் திருத்துவார்கள்.

வாத்தோடு சேர்த்துக் குட்டைகளையும் எண்ணுகிறார்கள். பனிப்பாறைகள் உருகியபோது அந்தப் புல்வெளியில் விட்டுச்சென்ற லட்சக்கணக்கான சிறு பள்ளங்கள்தான் வட அமெரிக்க வாத்துகளின் பிரசவ அறை. வசந்தத்தில் அவற்றில் தண்ணீர் நின்றால் குஞ்சுகள் பெருகும், காய்ந்து கிடந்தால் அந்த வருடம் அவ்வளவுதான். 2023-ல் இந்தக் கணக்கெடுப்பில் வந்த மொத்த வாத்து சுமார் 3.23 கோடி, 2024-ல் சுமார் 3.4 கோடி. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் விமானங்கள் பறக்கவில்லை, அப்போது முந்தைய தரவுகளை வைத்துக் கணித மாதிரிகள் சொன்ன மதிப்பீட்டில்தான் சீசனை ஓட்டினார்கள்.

எண்ணி முடித்தபின் என்ன செய்வது? இங்கேதான் பல பத்தாண்டு சண்டை இருந்தது. வேட்டையில் செத்த வாத்து, சுடாமல் விட்டிருந்தாலும் நோயிலோ பசியிலோ நரி வாயிலோ எப்படியும் செத்திருக்குமா, அல்லது வேட்டையால் சாவது கூடுதல் சாவா? நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். 1995-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், அடாப்டிவ் ஹார்வெஸ்ட் மேனேஜ்மென்ட் என்று பெயர். யார் சொல்வது சரி என்று வாதாடிக்கொண்டிருக்காமல், மல்லார்டுக்கு ஒவ்வொரு கருத்தையும் ஒரு கணித மாதிரியாக எழுதினார்கள். வேட்டைச் சாவு கூடுதலா இல்லையா, கூட்டம் பெருகினால் குஞ்சு பொரிப்பது குறையுமா குறையாதா என்று இரண்டு கேள்வி, அதனால் நான்கு மாதிரி. ஒவ்வொன்றும் அடுத்த வசந்தத்தில் எத்தனை மல்லார்ட் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும். மே மாதம் எண்ணிப் பார்த்து, சரியாகச் சொன்ன மாதிரிக்கு அடுத்த வருடம் அதிக மதிப்பும் தவறாகச் சொன்னதற்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பார்கள். வருடத்துக்கு வருடம் பறவைகளே தீர்ப்புச் சொல்வதால், எந்தப் பக்கம் செல்வாக்கு அதிகம் என்பதைப் பொறுத்து முடிவு சாய்வதில்லை.

மல்லார்ட் எண்ணிக்கையும் குட்டை எண்ணிக்கையும் தெரிந்தால், அட்டவணையில் அந்த இரண்டும் சந்திக்கும் கட்டம் நான்கு முடிவுகளில் ஒன்றைச் சொல்லும்: தாராளம், நடுத்தரம், கட்டுப்பாடு, மூடல். 1997-லிருந்து தாராள சீசன்தான் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது, அதனால் இளம் வேட்டைக்காரர்களில் பலருக்கு மற்ற மூன்றும் இருக்கின்றன என்பதே தெரியாது. 1930-களின் வறட்சியில் 1935 சீசன் வெறும் 30 நாள்தான் இருந்தது. அது திரும்ப வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நான்கு வான்பாதைகள்

கால்வளையம் போட்ட பறவைகள் எங்கே கிடைக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்ததில் வட அமெரிக்க வலசை நான்கு பெரும் பாதைகளாகப் பிரிவது தெரிந்தது. கிழக்கிலிருந்து அட்லான்டிக், மிசிசிப்பி, சென்ட்ரல், பசிஃபிக். இவற்றை ஃபிளைவே என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மாநிலங்களின் உயிரியலாளர்களும் அதிகாரிகளும் உட்காரும் கவுன்சில் உண்டு.

உங்கள் மாநிலம் எந்த ஃபிளைவேயில் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் முக்கால்வாசி எண்கள் தெளிவாகிவிடும். தாராள சீசன் என்றால் மிசிசிப்பியிலும் அட்லான்டிக்கிலும் 60 நாள், நாளைக்கு 6 வாத்து. சென்ட்ரலில் 74 நாள், 6 வாத்து. பசிஃபிக்கில் 107 நாள், 7 வாத்து. மேற்கே போகப் போக நாள் கூடுவது ஏன் என்று கேட்பார்கள், அங்கே வாத்துகளோடு ஒப்பிட்டால் வேட்டைக்காரர்கள் குறைவு என்பதுதான் முக்கியக் காரணம். கட்டுப்பாட்டுக்குப் போனால் மிசிசிப்பியில் 30 நாள், 3 வாத்து என்று இறங்கும்.

இந்த முடிவுகள் எப்போது எடுக்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். மே மாதம் எண்ணிக்கை, கோடை முடிவில் அறிக்கை, அதையொட்டி ஃபிளைவே கவுன்சில் கூட்டம், இலையுதிர் காலத்தில் ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸின் ஒழுங்குமுறைக் குழு, அப்புறம் மத்திய அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் முன்மொழிவு, பொதுமக்கள் கருத்து, குளிர்காலம் முடியும் வாக்கில் இறுதி வரம்பு, வசந்தத்தில் மாநிலங்கள் தங்கள் தேதியைத் தேர்வு செய்வது. 2016 முதல் இப்படித்தான். ஆக, 2024 மே மாதம் எண்ணியதை வைத்துத்தான் 2025 இலையுதிர்கால சீசன் முடிவானது. இந்த வசந்தத்தில் குட்டைகள் வறண்டு கிடந்ததாகச் செய்தி படித்துவிட்டு இந்த வருடமே நாளைக் குறைக்கப்போகிறார்கள் என்று பதறத் தேவையில்லை.

மாநிலம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

மத்திய வரம்பைவிடக் கடுமையாக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, தளர்த்த உரிமை கிடையாது. வாத்துக்கு வெளிவரம்புத் தேதிகள் செப்டம்பர் 24-க்கு மிக அருகில் வரும் சனிக்கிழமை முதல் ஜனவரி 31 வரை. இந்தச் சுமார் நான்கு மாதத்துக்குள் தனக்குக் கிடைத்த 60 நாளையோ 74 நாளையோ எங்கே வைப்பது என்பதுதான் மாநிலத்தின் வேலை, உள்ளூர் அரசியல் சூடு பிடிப்பதும் இங்கேதான். மின்னசோட்டாவில் நவம்பரில் ஏரிகள் உறைந்துவிடும், வாத்து தெற்கே போய்விடும், ஆகவே செப்டம்பர் கடைசியிலேயே திறந்துவிடுவார்கள். ஆர்கன்சாவில் அந்த வாத்துகள் வந்து சேரவே நவம்பர் ஆகும், நெல் வயல்களிலும் தண்ணீர் நிறைந்த காடுகளிலும் மல்லார்ட் இறங்குவது குளிர் இறுகியபின்தான், ஆகவே நவம்பர் பிற்பாதியில் திறந்து இடையிடையே சில நாள் மூடி ஜனவரி கடைசி வரை இழுப்பார்கள். இப்படி இடைவெளி விடுவதை ஸ்ப்ளிட் என்கிறார்கள். மூடிய நாட்கள் கணக்கில் சேராது. அந்த நாட்களில் வாத்துகளும் நிம்மதியாக மேயும்.

பெரிய மாநிலங்கள் தங்களை ஜோன்களாகப் பிரித்துக்கொள்ளும். எத்தனை ஜோன், எத்தனை ஸ்ப்ளிட் என்பதற்கும் மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, எல்லைக்கோடுகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம். டெக்சாஸில் வடக்கு, தெற்கு ஜோன்களோடு மேற்கே உயர்சமவெளிப் பகுதிக்கு மல்லார்ட் அதிகம் என்பதால் 74 நாளுக்கு மேல் கூடுதலாக 23 நாள் உண்டு. ஜோன் எல்லை பெரும்பாலும் நெடுஞ்சாலையோ ஆறோ ஆகத்தான் இருக்கும். நீங்கள் போகும் குளம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள், நண்பர் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

புத்தகத்தில் தனிக் கட்டங்களில் வரும் சிறப்பு சீசன்களுக்கும் காரணம் இருக்கிறது. நீலச்சிறகு டீல் என்ற குட்டி வாத்து மற்றவற்றுக்கு முன்பே தெற்கே கிளம்பிவிடும், பெரிய சீசன் திறக்கும்போது பல மாநிலங்களைத் தாண்டிப் போயிருக்கும், அதனால் செப்டம்பரில் டீலுக்கு மட்டும் சில நாள். அப்போது வேறு வாத்தைச் சுட்டால் குற்றம், ஆண்களும் அந்த மாதம் பெட்டை போலவே மங்கலாக இருக்கும் என்பதால் இனம் பிரிக்கத் தெரியாதவர்கள் முதல் வேட்டையை இதில் தொடங்க வேண்டாம். இதற்கு நேர்மாறாக ஸ்னோ கூஸ் பெருகிப் பெருகி ஹட்சன் விரிகுடாக் கரையின் தாவரங்களை வேரோடு மேய்ந்து அழித்ததால், 1999 முதல் அதற்குத் தனி உத்தரவு இருக்கிறது, மற்ற சீசன்கள் மூடியபின் அளவு வரம்பு இல்லாமல், மின்னணு ஒலிப்பானைக்கூடப் பயன்படுத்திச் சுடலாம். பறவை குறைந்தால் இறுக்குவதும் அளவு மீறிப் பெருகினால் தளர்த்துவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

ஆறு வாத்து என்றால் எந்த ஆறு

இதை ஒரு உதாரணத்தோடு பார்த்தால் எளிது. ஆர்கன்சா மிசிசிப்பி ஃபிளைவேயில் இருக்கிறது, மொத்தம் 6. அதற்குள் மல்லார்ட் அதிகபட்சம் 4, அதிலும் பெட்டை 2. வுட் டக் 3. ரெட்ஹெட் 2. காலையில் இரண்டு ஆண் மல்லார்ட், இரண்டு பெட்டை மல்லார்ட் விழுந்துவிட்டன என்று வையுங்கள். இனி அன்றைக்கு மல்லார்ட் எதையும் தொடக்கூடாது, மீதி இரண்டு வேறு இனமாக இருக்க வேண்டும். இரண்டு வுட் டக் கிடைத்தால் ஆறு முடிந்தது, துப்பாக்கியைக் காலி செய்துவிடுங்கள். வுட் டக் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே என்று கேட்கக்கூடாது, உள்வரம்புகள் எல்லாம் அந்த ஆறுக்குள்தான்.

பெட்டைக்கு ஏன் தனி வரம்பு என்று சொல்லத் தேவையில்லை, முட்டையிடுவதும் அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் அது ஒன்றுதான். பின்டெய்ல் விஷயம் இன்னும் சுவாரசியமானது. நம்ம ஊர் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து இதே இனம்தான். வட அமெரிக்காவில் அது வசந்தத்தின் தொடக்கத்திலேயே அறுவடை முடிந்த வயலின் தாளடியில் கூடு கட்டிவிடும், உழவு வந்ததும் கூடுகள் அழியும். எண்ணிக்கை இறங்கியதால் பல வருடம் நாளைக்கு ஒன்றுதான் என்று வைத்திருந்தார்கள். பிறகு தரவுகளை மறுபடி ஆராய்ந்து, வேட்டையின் பாதிப்பு முன்பு நினைத்த அளவுக்கு இல்லை என்று கண்டு, 2025-26 சீசனில் மூன்றாக உயர்த்தினார்கள். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது, மேலே நான் கொடுத்த எண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தந்த வருடப் பதிப்பில் சரிபாருங்கள்.

இரண்டு விஷயத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது அதிகம். ஒன்று, உங்கள் ஆறு முடிந்தபின் நண்பரின் கணக்கில் சுடுவது. வரம்பு ஆளுக்குத்தான், குழுவுக்கு இல்லை. அதனால் நாலு பேர் போனால் நாலு தனித்தனிக் கோர்வையாக வாத்துகளை வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டால் எது யாருடையது என்று வார்டனிடம், அதாவது வேட்டை விதிகளைச் சோதிக்கும் அதிகாரியிடம், நிரூபிக்க முடியாது. இரண்டு, கைவசம் வைத்திருக்கும் வரம்பு. பல நாள் தங்கி வேட்டையாடினால் மொத்தமாக உங்களிடம் இருக்கக்கூடியது பொதுவாக நாள் வரம்பின் மூன்று மடங்கு.

போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். வகுப்பில் உட்கார்ந்து படியுங்கள், துப்பாக்கியே கையில் பிடித்திராத நம்மவர்களுக்கு அது மிக மிகத் தேவை.

அடுத்து மாநில லைசென்ஸ், பல இடங்களில் அதோடு மாநிலத்தின் வலசைப் பறவை அனுமதி. 16 வயது முடிந்தவர்களுக்கு வாத்துக்கும் கூஸுக்கும் ஃபெடரல் டக் ஸ்டாம்ப் வேண்டும், விலை 25 டாலர். 1934-ல் ஒரு டாலரில் தொடங்கியது, ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. காகித ஸ்டாம்ப் என்றால் முகப்பின் குறுக்கே பேனாவால் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை செல்லுபடி. புறாவுக்கு மட்டும் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

அப்புறம் ஹிப் (HIP, Harvest Information Program) பதிவு, அதாவது வலசைப் பறவை வேட்டைக்காரர்கள் பட்டியலில் பெயர் சேர்ப்பது. வேட்டையாடும் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். போன வருடம் எத்தனை வாத்து, எத்தனை புறா என்று சில கேள்விகள் கேட்பார்கள். இந்தப் பதில்களைக் கூட்டித்தான் நாட்டின் மொத்த வேட்டையைக் கணக்கிடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. யார் அதிகம் சுடுபவர், யார் எப்போதாவது போகிறவர் என்று பிரித்து, விரிவான கணக்கெடுப்புக்கு ஆட்களைப் பொறுக்கி எடுக்கத்தான் இது. லைசென்ஸ் வாங்கும் கடையில் கேள்வியே கேட்காமல் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்று தட்டினால் நிறுத்தி, சரியான பதிலைப் போடச் சொல்லுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஹெச்1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை. அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே நண்பரின் துப்பாக்கியைப் "பிடித்துப் பார்ப்பதற்கு" முன்பே லைசென்ஸ் கையில் இருக்கட்டும், உங்கள் நிலைமையில் சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். இதில் தவறினால் போவது விசா.

வருடம் மாறினாலும் மாறாத விதிகள்

சுடும் நேரம், பொதுவாகச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனம் வரை. உங்கள் ஊர் உதய நேரத்தை முந்தின இரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷாட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக்கூடாது, ஏறும் வகை என்றால் உள்ளே ஒரு அடைப்புக்கட்டை இருக்க வேண்டும், துப்பாக்கியைப் பிரித்தால்தான் அது வெளியே வர வேண்டும். 1935-ல் வந்த விதி, உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை வரவழைப்பதும் அதே வருடம்தான் தடையானது.

ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் வாத்துக்கும் கூஸுக்கும் தடை. அரைவைப்பையில் உணவை அரைக்க வாத்துகள் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும், குளத்தடியில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று விழுங்கி, நஞ்சேறி மெல்லச் சாகும், அதைத் தின்னும் கழுகும் சாகும். ஸ்டீல், பிஸ்மத், டங்ஸ்டன் போன்ற அங்கீகரிக்கப்பட்ட ரவைதான் கொண்டுபோக வேண்டும். புறா வேட்டையில் மிச்சமான ஈயத் தோட்டா சட்டைப் பையில் கிடந்தாலே குற்றம், கிளம்பும் முன் எல்லாப் பையையும் தடவிப் பாருங்கள்.

தீனி போட்டு வரவழைப்பது தடை. சோளமோ கோதுமையோ கொட்டிய இடத்தை, அது முழுவதும் அகற்றப்பட்டு 10 நாள் ஆகும்வரை தீனியிட்ட இடமாகவே சட்டம் பார்க்கும். நீங்கள் கொட்டியிருக்க வேண்டியதில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலைமை இருந்தாலே பொறுப்பு உங்களுடையதுதான். வேறொருவர் நிலத்துக்குப் போனால் உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள், கரையில் தானியம் சிதறிக் கிடக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். விளைந்து நிற்கும் பயிரை அடித்துச் சாய்த்த வயலில் புறா சுடலாம், அதே வயலில் வாத்து சுடக்கூடாது.

விழுந்த பறவையைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், நாணலுக்குள் போனால் போகட்டும் என்று விடுவது சட்டப்படியும் தவறு, மனசாட்சிப்படியும் தவறு. காயம்பட்ட பறவை கையில் கிடைத்தால் அதுவும் உங்கள் எண்ணிக்கையில் சேரும். வீட்டுக்கோ பதப்படுத்தும் இடத்துக்கோ போய்ச் சேரும்வரை தலையோ இறகுள்ள ஒரு முழுச் சிறகோ உடலோடு இருக்கட்டும், அதைப் பார்த்துத்தான் இனம் சொல்ல முடியும். பறவைகளை வேறு யாரிடமாவது விட்டுச் சென்றால் உங்கள் கையெழுத்து, முகவரி, இனம், எண்ணிக்கை, சுட்ட தேதி எழுதிய சீட்டு வேண்டும்.

வேட்டைக்குப் பிறகு

சிலருக்கு ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸிடமிருந்து தபாலில் உறைகள் வரும், தபால் செலவு சர்வீஸுடையது. சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஒரு சிறகையும், கூஸ் என்றால் வால் இறகுகளையும் போட்டு அனுப்பச் சொல்வார்கள். சீசன் முடிந்தபின் ஃபிளைவே வாரியாக உயிரியலாளர்கள் ஓரிடத்தில் கூடி, மேசை மேசையாகச் சிறகுகளைப் பரப்பி, இறகின் நிறத்தையும் நுனித் தேய்மானத்தையும் பார்த்து இது இந்த இனம், ஆண் அல்லது பெண், இந்த வருடக் குஞ்சு அல்லது முதிர்ந்தது என்று பிரிப்பார்கள். முதிர்ந்த பெட்டை ஒன்றுக்கு எத்தனை இளம் பறவை என்ற விகிதம் வந்தால் அந்த வருடம் குஞ்சு பொரிப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். உங்களுக்கு உறை வந்தால் குப்பையில் போடாதீர்கள். காலில் வளையம் இருந்தால் அதில் பொறித்திருக்கும் இணைய முகவரியில் எண்ணைப் பதிவு செய்யுங்கள், வளையத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் போட்டார்கள் என்ற விவரமும் வரும். அடுத்த சீசனைக் கணக்கிடும்போது எத்தனை சதவீதம் சுடப்பட்டது என்பதை இந்த வளையங்களை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

சீசன் தேதியிலோ வரம்பிலோ உங்களுக்குக் கருத்து இருந்தால் சொல்ல இரண்டு வாசல் உண்டு. மத்திய முன்மொழிவு ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியானதும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். ஜோன், ஸ்ப்ளிட், திறப்பு நாள் போன்றவற்றுக்கு மாநில வனவிலங்கு ஆணையத்தின் பொதுக்கூட்டம், அது பெரும்பாலும் வசந்தத்துக்குள் முடிந்துவிடும், சீசன் திறந்தபின் போய்க் கேட்டுப் பயனில்லை. மாநில வனவிலங்குத் துறையின் மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்த்து வைத்தால் கூட்ட அறிவிப்புகள் வரும்.